இடப்பக்கத்து வீடு

அக்டோபர் 6

அக்காவுக்கு,

இங்கே மூவரும் சுகம். நீ சுகமா என்று நான் கேட்பது கடிதம் தொடங்கும் வழக்கத்துக்காக அல்ல. நிஜமாகவே கேட்கிறேன், நிஜமாகவே பதில் எழுது.

போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடும். நீ எடுக்கவும் மாட்டாய். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது படிப்பாய், என்ன திமிராக எழுதியிருக்கிறாள் என்று பார்ப்பதற்காகவாவது.

வீடு பன்னிரண்டாவது மாடியில். காலையில் ஜன்னலைத் திறந்தால் கீழே ஊர் இருக்காது, வெறும் மூடுபனிதான். எதிரே இருக்கும் கட்டடங்களின் உச்சி மட்டும் அதற்கு மேலே மிதந்துகொண்டிருக்கும். வாண்டு முதல் நாள் எட்டிப் பார்த்துவிட்டு, ஊரை யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்டாள். உன் மாப்பிள்ளை விடிவதற்கு முன்பே குளிர்பதனக் கிடங்குக்குக் கிளம்பிவிடுகிறார். திரும்பி வரும்போது சட்டையெல்லாம் ஜில்லென்று இருக்கிறது. எனக்கும் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை கிடைத்துவிட்டது. படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். நாள் பூராவும் வெள்ளை, நாள் பூராவும் நீராவி. பாதித் தூக்கத்தில் நடமாடுவதுபோல் இருக்கிறது. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமைக் கூட்டத்தின் சட்டத்தை வைத்தது நான் அல்ல, நீ. ஆரம்பத்தில் எல்லாரும் உன் குழந்தைகள் காப்பகத்துக் குட்டி நாற்காலிகளில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, டீ குடித்துவிட்டுக் கலைந்துபோனார்கள். தெரு நலக் கூட்டமைப்பு என்று பெயர்ப்பலகை மாட்டினோம், நலம் தவிர வேறு எதுவும் யாரும் பேசவில்லை. அப்போதுதான் நீ எழுந்து சொன்னாய். "சொந்த வீட்டைப் பத்தி யாரும் வாயே திறக்க வேண்டாம். அவங்கவங்களுக்கு இடப்பக்கத்து வீட்டைப் பத்தி மட்டும் சொல்லுங்க." அதற்குப் பிறகு கூட்டம் முடியவே மாட்டேன் என்றது. மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் லாண்டரி அம்மாவின் பேரனுக்கு இளைப்பு இருப்பது தெரிந்தது. லாண்டரி அம்மா சொல்லித்தான் பள்ளி வேன் ஓட்டுநரின் மனைவி பிரசவத்துக்குப் பிறகு சுவரைப் பார்த்தபடியே படுத்திருப்பது தெரிந்தது. வம்பு பேசுகிற வாய்க்கெல்லாம் சம்பளமில்லாத உத்தியோகம் கொடுத்துவிட்டாய் என்று கூட்டத்தை நடத்துகிற நர்ஸ் சிரித்தார்.

எனக்கு இடப்பக்கம் நீ. என் முறை வந்தது, நான் சொன்னேன். "எங்க இடப்பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மார்புல ஒரு கட்டி இருக்கு. மழைக்கு முன்னாடியே பார்த்தாங்க. இன்னும் காட்டல." அவ்வளவுதான் சொன்னேன். நீ சிரித்து, வீடு மாற்றுகிற பதற்றத்தில் உளறுகிறாள் என்று பேச்சைத் திருப்பிவிட்டாய். வீட்டுக்கு வந்ததும், இனி என் வாசலில் கால் வைக்காதே என்றாய். நானும் சொல்லிக்கொள்ளாமல் வண்டி ஏறிவிட்டேன்.

கோபம் இருக்கட்டும். கோபத்தோடேயே ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அங்கே யாரும் தடுக்க மாட்டார்கள். போய்க் காட்டு.

தங்கை


அக்டோபர் 19

தங்கச்சிக்கு,

கடிதம் வந்தது. அந்த வார்த்தையைப் பச்சையாக எழுதியிருக்கிறாய். இனி எழுதாதே. தபால்காரர் உறையைப் பிரிக்க மாட்டார் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்ததுபோல் இருந்தது.

பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் எழுதுகிறேன். பச்சைத் திரைச்சீலையை இழுத்துவிட்டால் காப்பகத்து அறை முழுவதும் குளத்துக்கு அடியில் இருப்பதுபோல் ஒரு வெளிச்சம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வெளிச்சத்தில் இத்தனை பிள்ளைகளும் ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன. ஒன்று தூக்கத்தில் சிரிக்கிறது. ஒன்று யாருடைய காலையோ கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறது. காலையிலிருந்து அடித்த கூத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த நேரத்துக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று சில நாள் தோன்றும்.

கூட்டமைப்பு நன்றாக நடக்கிறது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வைத்துவிட்டோம். சாயங்கால நடைக்குப் பெண்கள் தவறாமல் வருகிறார்கள், லாண்டரி அம்மா நடப்பதைவிட நின்று கதை பேசுவதுதான் அதிகம். வேன் ஓட்டுநரின் மனைவி இப்போது ஜன்னலோரம் வந்து உட்காருகிறாள். போன புதன் அவளே தலை வாரியிருந்தாளாம். லாண்டரி அம்மா அதைக் கூட்டத்தில் தன் தலையைத் தொட்டுக் காட்டியே சொன்னார்.

உன் வீடு காலியாகத்தான் கிடக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்து காட்டச் சொல்லி வீட்டுக்காரர் சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார். கூட்டத்தில் உன் நாற்காலியும் காலி, அதுதான், முயல் படம் ஒட்டியது. நர்ஸ் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து அந்த நாற்காலி வந்ததும் ஒரு கணம் நிற்கிறார். அப்புறம் அடுத்த ஆளிடம் போய்விடுகிறார். என் வீட்டைப் பற்றிப் பேச இப்போது ஆள் இல்லை. நிம்மதியாக இருக்கிறது.

எனக்கு எதனால் கோபம் என்று உனக்குப் புரியவே இல்லை. அன்றைக்குக் குளித்துவிட்டு வந்து உன் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினேன். நீ என்பதால் காட்டினேன். நீ அதைக் கொண்டுபோய் டீ டம்ளர்களுக்கு நடுவில் வைத்தாய். வேன் ஓட்டுநர் தரையைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஓரத்தில் உன் மாமா உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது அந்த நிமிஷம்தான் தெரியும். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சாப்பிடுகிறோம், படுக்கிறோம், எழுந்திருக்கிறோம்.

அது ஒன்றுமில்லை. பிள்ளைகளைத் தூக்கித் தூக்கிச் சதை திரண்டிருக்கிறது. தானாகக் கரைந்துவிடும்.

வாண்டுக்கு முத்தம்.

அக்கா


நவம்பர் 2

அக்காவுக்கு,

அந்த வார்த்தையை எழுதவில்லை. எழுதாவிட்டால் அது இல்லாமல் போய்விடும் என்றால் பேனாவையே ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டுவிடுகிறேன்.

பிள்ளைகளைத் தூக்கியதால் வந்தது என்கிறாய். போன வருடம் லாண்டரி அம்மா, துணி மூட்டை தூக்கியதால் வந்த வலி என்று சொன்னபோது நீ விட்டாயா? கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாய். அந்த மார்பகப் பரிசோதனை வண்டியை நம் தெருவுக்குக் கொண்டுவர எத்தனை அலுவலகத்தில் காத்துக் கிடந்தாய். வண்டி வந்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வெள்ளை வண்டி, பக்கவாட்டில் சின்னக் கதவு, மடக்குப் படி. தெருப் பெண்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். நீ எல்லாருடைய கைப்பையையும் வாங்கி மாட்டிக்கொண்டாய். இரண்டு கையிலும் பை, தோளில் பை, கழுத்தில் ஒரு பை. "நீங்க போங்க, நான் பார்த்துக்கறேன்" என்று ஒவ்வொருத்தியையும் ஏற்றி இறக்கினாய். கடைசி ஆளும் இறங்கியதும் கதவை நீயே சாத்தி வண்டியை அனுப்பினாய். எல்லாரும் கைதட்டினோம், நானும் தட்டினேன். நீ ஏறவே இல்லை என்பது மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கை நிறையப் பை இருந்தால் யாரும் உன்னை ஏறச் சொல்ல மாட்டார்கள். அதுதானே? அன்றைக்கே அது இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

மாமா முன்னால் சொன்னது எனக்கும் உறுத்துகிறது. அவர் இருப்பதை மறந்துவிட்டேன் என்று எழுதலாம், ஆனால் அது பொய். அவர் இருந்ததால்தான் சொன்னேன்.

அம்மாவும் இப்படித்தான் யாரிடமும் மூச்சு விடாமல் வைத்திருந்தாள். எனக்கு அப்போது வாண்டு வயது. ஒரு நீள வராந்தா, ஒரு பெஞ்சு, உன் மடி, மருந்து வாசனை, இவ்வளவுதான் ஞாபகம். நான் தூங்கிக்கொண்டே இருந்தேன். நீ தூங்கவே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. அதனால் உனக்கு ஏன் பயம் என்று எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கும் அதே பயம்தான், அக்கா. அம்மாவை எனக்கு ஒழுங்காக ஞாபகம்கூட இல்லை. எனக்கு அந்த இடத்தில் இருப்பது நீதான்.

தங்கை


நவம்பர் 21

தங்கச்சிக்கு,

கைப்பை பற்றி எழுதியிருந்தாய். இனி எழுத வேண்டாம். அம்மா பற்றியும் வேண்டாம்.

வாண்டுக்கு ஸ்வெட்டர் ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன். இடது கைப்பக்கம் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, மடித்துவிடு. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அனைவரும் நலம்.

அக்கா


டிசம்பர் 3

அக்காவுக்கு,

ஸ்வெட்டர் வந்தது. வாண்டு கழற்ற மாட்டேன் என்கிறாள். நீளமான கைக்குள் விரலை மறைத்துக்கொண்டு, பெரியம்மா எனக்குத் தும்பிக்கை அனுப்பியிருக்கிறாள் என்று வீடு முழுக்க ஆட்டிக்கொண்டு திரிகிறாள்.

இனி நான் உன்னை எதுவும் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ சின்னதாக எழுதுகிறாய். அதற்கு இந்த ஊர்ப் பனியைப் பற்றியே எழுதிவிட்டுப் போகிறேன்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். அவர் கிடங்கில், வாண்டு என் வயிற்றின்மேல் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே வெள்ளை. இந்த மாடியில் இடப்பக்கம் ஒரு கதவு, வலப்பக்கம் ஒரு கதவு. வந்த நாளிலிருந்து இரண்டும் சாத்தியே இருக்கின்றன. யாரும் வந்து கதவைத் தட்டாத வீட்டில் இருப்பது எவ்வளவு சுகம் என்று வந்த புதிதில் நினைத்தேன். இப்போது லிப்ட் ஏறி வரும் சத்தம் கேட்டால் எங்கள் மாடியில் நிற்குமா என்று காது கொடுத்துக் கேட்கிறேன். அது தாண்டிப் போய்விடுகிறது.

காய்ச்சலில் ஒரு கனவு வந்தது. சலவை அறையில் ஒரு பெரிய விரிப்பை மடித்துக்கொண்டிருக்கிறேன். பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது, மறுமுனையை ஒருத்தர் பிடிக்க வேண்டும். நீராவிக்குள் யாரோ பிடித்திருக்கிறார்கள், முகம் தெரியவில்லை. முனையோடு முனை சேர்ப்பதற்காக நான் நடந்து வருகிறேன். நான் ஓரடி வைத்தால் அந்த ஆளும் ஓரடி பின்னால் போகிறாள். விரிப்பு நீண்டுகொண்டே போகிறது. 'நில்லேன்' என்று நான் கத்துகிறேன். அது நீ என்று எனக்கு நன்றாகத் தெரியும். விழித்தபோது வாண்டு என் நெற்றியில் ஈரத் துணி என்று நினைத்துக்கொண்டு தன் காலுறையைப் போட்டுவைத்திருந்தாள்.

இப்போது சரியாகிவிட்டது. என் பழைய வீட்டு ஜன்னல்களை எப்போதாவது திறந்து வை. பூட்டியே கிடந்தால் சுவர் ஓதம் பிடித்துவிடும்.

தங்கை


டிசம்பர் 18

குட்டிக்கு,

ஜன்னலைத் திறக்கத்தான் போனேன். அதற்கு முன்னாலும் சில தடவை போயிருக்கிறேன், உன்னிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் உன் மாமா பேசாமல் இருப்பது தாங்காதபோதெல்லாம் சாவியை எடுத்துக்கொண்டு, யாரோ வீடு பார்க்க வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு உன் வீட்டுக்குப் போய்விடுவேன். யாரும் வர மாட்டார்கள். வெறும் தரையில் படுத்துக்கொள்வேன். உங்கள் அலமாரி இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதிதாக இருக்கிறது. மதிய வெயில் ஜன்னல் வழியாக இறங்கி, மெதுவாக ஊர்ந்து வந்து என் காலைத் தொடும். அது முழங்கால் வரைக்கும் ஏறுவதற்குள் நான் தூங்கியிருப்பேன். என் வீட்டில் எனக்கு அப்படித் தூக்கம் வருவதில்லை.

போன ஞாயிறும் அப்படித்தான் படுத்திருந்தேன். கனவில் அம்மா வந்தாள். உன் காலி வீட்டில் சுவரோரமாக உட்கார்ந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். தலை நிறைய முடி இருந்தது. கடைசியில் நான் பார்த்த மாதிரி இல்லை. என்னைப் பார்த்து, "ஏன்டி இங்க வந்து படுத்திருக்க? உன் வீடு அதுதானே" என்று சமையலறை ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். குரலில் கோபம்கூட இல்லை, சாப்பிடக் கூப்பிடுவதுபோல் சொன்னாள்.

எழுந்தபோது எந்த வீட்டில் இருக்கிறேன் என்றே கொஞ்ச நேரம் தெரியவில்லை. நானாக இல்லாமல் நீயாக எழுந்ததுபோல் இருந்தது. முகம் கழுவலாம் என்று உன் சமையலறைக்குப் போனேன். அந்த ஜன்னலிலிருந்து என் சமையலறை இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் நீ அங்கே நின்று பாத்திரம் கழுவியிருக்கிறாய். நான் ஒரு தடவையாவது உன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேனா?

உள்ளே உன் மாமா நின்றுகொண்டிருந்தார். நான் இல்லாத வீட்டில் அவர் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது இல்லையா, அதனால் நகராமல் பார்த்தேன். மேல்தட்டில் இருக்கிற டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். சர்க்கரை டப்பா, டீத்தூள் டப்பா, மாவு டப்பா. துணியால் துடைத்துக் கீழ்த்தட்டில் வைத்தார். இடம் போதவில்லை, அவருடைய பழைய ரேடியோவை எடுத்து வெளியே வைத்துவிட்டு அந்த இடத்தில் மாவு டப்பாவை வைத்தார். கொஞ்ச நாளாகவே எனக்கு வேண்டியதெல்லாம் கைக்கெட்டுகிற உயரத்தில் இருந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை, குட்டி. என் இடது கை மேலே போகாமல் ஆகிவிட்டது என்பதையே நான் கவனிக்காத மாதிரி இருந்தேனே, இதை எங்கே கவனிப்பது?

அப்புறம் ஒன்று செய்தார். தன் இடது கையை மெதுவாகத் தூக்கினார். முழுக்கத் தூக்கவில்லை. நான் எவ்வளவு தூக்குவேனோ அவ்வளவு மட்டும் தூக்கி, தோளைக் கொஞ்சம் சாய்த்து, நான் முகம் சுளிக்கிற மாதிரியே சுளித்துக்கொண்டு, எந்தத் தட்டுவரை எட்டுகிறது என்று பார்த்தார். எட்டிய தட்டில் விரலை வைத்தபடி அப்படியே நின்றார். ரொம்ப நேரம் நின்றார். அந்த மனுஷன் ஒன்றும் தெரியாமல் இருக்கிறார் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். காலி வீட்டில் அழுதால் சத்தம் நன்றாக வருகிறது.

புதன்கிழமை கூட்டத்தில் நான் என் நாற்காலியில் உட்காரவில்லை, உன் முயல் நாற்காலியில் உட்கார்ந்தேன். நர்ஸ் வரிசையாக வந்தார், என்னிடம் வந்ததும் என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், மற்றவர்களிடம் கேட்கிற அதே குரலில், "உங்க இடப்பக்கத்து வீட்டுல?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். "எங்க இடப்பக்கத்து வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க. மார்புல ஒரு கட்டி. இப்ப பெருசாயிருக்கு, கையும் தூக்க முடியல. எல்லாரையும் வண்டியில ஏத்தினாங்க, அவங்க மட்டும் ஏறல. அவங்க அம்மாவும் இதுலதான் போனாங்க. அவங்க வீட்டுக்காரரும் பயந்துபோய் இருக்காரு. ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல."

எப்போதும் கேட்கிற கேள்வியை நர்ஸ் கேட்டார். "யார் கூட்டிட்டுப் போறது?" லாண்டரி அம்மா கையைத் தூக்கினார், வேன் ஓட்டுநர் தூக்கினார், மருந்துக்கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். ஓரத்திலிருந்து உன் மாமா, "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அவ்வளவு நாளைக்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மறுநாள் போனோம். ஊசி போட்டுச் சதை எடுத்திருக்கிறார்கள். முடிவு வரக் காத்திருக்கிறோம். வீட்டில் இப்போது பேசுகிறோம். ரேடியோவை எங்கே வைப்பது என்று சண்டைகூடப் போட்டோம்.

அக்கா


டிசம்பர் 27

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை லிப்டிலேயே பிரித்துவிட்டேன். படித்துக்கொண்டே எங்கள் மாடியைத் தாண்டி மேலே போய், மறுபடி கீழே போய், மறுபடி மேலே போனேன். யார் யாரோ ஏறினார்கள், இறங்கினார்கள். ஒரு அம்மா என் கண்ணைப் பார்த்துவிட்டுத் தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு இறங்கினார். எந்த மாடி என்று பார்க்கவில்லை, திருப்பிக் கொடுக்கத் தேட வேண்டும்.

அன்றைக்கே இடப்பக்கத்துக் கதவைத் தட்டினேன். ஒரு பெரியவர் சங்கிலியை எடுக்காமல் கதவை ஒரு கோடு மட்டும் திறந்து, என்ன வேண்டும் என்றார். ஒன்றும் வேண்டாம் என்றேன். சாத்திவிட்டார். மறுநாளும் தட்டினேன். சங்கிலியை எடுத்துவிட்டுத் திறந்து, இன்றைக்கும் ஒன்றும் வேண்டாமா என்று கேட்டார். வாண்டு அவருக்குத் தும்பிக்கையைக் காட்டினாள்.

முடிவு வந்ததும் எழுது. போனும் செய், நான் அழ மாட்டேன், அழுதாலும் வைத்துவிட மாட்டேன். ஒரு வெறும் உறையில் ஒரு வார்த்தை எழுதிப் போட்டாலும் போதும்.

நான் வரட்டுமா?

தங்கை


ஜனவரி 9

குட்டிக்கு,

முடிவு வந்துவிட்டது. நாம் பயந்ததுதான். போனில் சொல்ல எனக்குத் தைரியமில்லை, உன் எண்ணை எடுத்துப் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

டாக்டர் வயதில் உன்னைவிடச் சின்னவர். படம் போட்டு விளக்கினார். அறுத்து எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு பல மாதங்களுக்கு மருந்து ஏற்ற வேண்டுமாம். நம்பிக்கையோடு இருக்கலாம் என்றார். இன்னும் தாமதித்திருந்தால் என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தார், உன் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை முடிக்கவில்லை. இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

தெருவில் என்னை ஒரு வேலை செய்ய விடுவதில்லை. யார் வீட்டிலிருந்து என்றைக்குச் சாப்பாடு என்று எனக்கே தெரியாமல் முறை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். லாண்டரி அம்மா என் வீட்டுத் துணியை எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் அள்ளிக்கொண்டு போய்விட்டார், நேற்று உன் மாமாவுக்குப் போட்டுக்கொள்ளச் சட்டையே இல்லை. வேன் ஓட்டுநர், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டதும் வேனைக் கழுவி என்னை ஏற்றிக்கொண்டு போவாராம். அவர் மனைவி காப்பகத்தில் மத்தியான நேரத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்தாள். இப்போது திரைச்சீலையை இழுத்துவிட்டு அவள்தான் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள், நான் பக்கத்து அறையிலிருந்து எழுதுகிறேன். அவள் ஏதோ மெல்லப் பாடுகிறாள். இந்தப் பெண்ணுக்குக் குரல் உண்டு என்பதே எங்களுக்கு இத்தனை நாள் தெரியாது. கொடுத்துக்கொண்டே இருந்த எனக்கு வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கூச்சமாக இருக்கிறது. நர்ஸ் என்னை அதட்டுகிறார்.

உன் மாமா தைரியமாக இருக்கிறார், அல்லது இருப்பதுபோல் காட்டுகிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய பையை இப்போதே கட்டி வாசலில் வைத்துவிட்டார். அதில் ஒரு செருப்புதான் இருக்கிறது, இன்னொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்படி ஒருத்தர் பாக்கி இல்லாமல் எல்லாரும் இருக்கிறார்கள். நீ புது வேலையில் லீவு கேட்டு, வாண்டையும் இழுத்துக்கொண்டு, இந்தக் குளிரில் இவ்வளவு தூரம் வர வேண்டிய அவசியமே இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதைத்தான் மேலே அழகாக எழுதிக்கொண்டு வந்தேன். படித்துப் பார்த்தால் எல்லாம் உண்மைதான்.

ஆனால் நேற்றுக் குளிக்கும்போது, அன்றைக்கு உன் கையை வைத்துக் காட்டிய இடத்தில் என் கையை வைத்தேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்த இடம் இருக்காது. அதை எடுப்பதற்கு முன்னால் கண் மூடுவேன், எங்கே விழிப்பேன் என்று தெரியாது. அந்த வராந்தாவில் நீ என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாயே, உன் தலை கனமாக இருந்ததால்தான் நான் அன்றைக்கு எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, குட்டி. வந்துவிடு.

அக்கா